வேற டிபார்ட்மெண்ட் கோர்ஸை ஜேடி கணக்குல சேர்க்கறது எப்படி

போன மாசம் அக்கா பொண்ணு கூப்பிட்டா. அமெரிக்கால லா ஸ்கூல்ல ரெண்டாம் வருஷம் ஆரம்பிக்கப் போறா. "சித்தி, பப்ளிக் ஹெல்த் ஸ்கூல்ல மூணு கோர்ஸ் பார்த்து வச்சிருக்கேன், மொத்தம் 9 கிரெடிட், எங்க ஹேண்ட்புக்ல வேற டிபார்ட்மெண்ட்ல 12 வரைக்கும் எடுக்கலாம்னு போட்டிருக்கு, அப்போ 9-ம் சேர்ந்துடும்ல?"ன்னா. வேற என்னென்ன எடுக்கப்போறேன்னு கேட்டேன், ஒவ்வொண்ணா சொன்னா, நான் பேப்பர்ல குறிச்சுக்கிட்டே வந்தேன், கடைசில "உனக்கு 3 தான்டி சேரும்"னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

9 எப்படி 3 ஆச்சுங்கறதை சொல்லத்தான் இது. ஜேடி (அமெரிக்கால வக்கீலாக படிக்கற மூணு வருஷ சட்ட டிகிரி) படிக்கிற நம்ம பசங்க நிறைய பேரு இஞ்சினியரிங், எகனாமிக்ஸ், பயாலஜி முடிச்சுட்டு வர்றவங்க, லா ஸ்கூலுக்கு உள்ள வந்ததும் பக்கத்து கட்டடத்துல நடக்குற டேட்டா சயின்ஸ் கோர்ஸைப் பார்த்து கை அரிக்கும். அரிக்கட்டும், தப்பே இல்ல. 1908-லயே லூயிஸ் பிராண்டைஸ்ங்கற அமெரிக்க வக்கீல், பொம்பளைங்க வேலை நேரம் சம்பந்தப்பட்ட முல்லர் வழக்குல கொடுத்த மனு நூறு பக்கத்துக்கு மேல, அதுல சட்டம் பேசினது ஒரு ரெண்டு பக்கம்தான், மீதி பூரா டாக்டர் அறிக்கை, தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கை, புள்ளிவிவரம். அந்த மனுவை இன்னிக்கும் பிராண்டைஸ் பிரீஃப்னே சொல்றாங்க. அதனால வெளில படிக்கறது வக்கீலுக்கு வீண் வேலை கிடையாது, அது கணக்குல ஏறுமாங்கறதுதான் விஷயம்.

முதல்ல ரெண்டு நம்பர், 83, 64. அமெரிக்கன் பார் அசோசியேஷன், சுருக்கமா ஏபிஏ, லா ஸ்கூலுக்கு அங்கீகாரம் கொடுக்கற அமைப்பு. அதோட ஸ்டாண்டர்ட் 311 என்ன சொல்லுதுன்னா ஜேடிக்கு குறைஞ்சது 83 கிரெடிட் வேணும், அதுல குறைஞ்சது 64 வகுப்பறைல உட்கார்ந்தோ, லா ஃபேகல்டி நேரடியா சொல்லிக்கொடுத்தோ வாங்கினதா இருக்கணும். 83-ல 64 போனா 19. இந்த 19-ஐ நான் வெளிப்பெட்டின்னு சொல்வேன், புரிஞ்சுக்க சுலபமா இருக்கும்னு நானே வச்ச பேரு, ஹேண்ட்புக்ல தேடாதீங்க.

இந்த வெளிப்பெட்டிக்குள்ள யார் யாரெல்லாம் இருக்காங்கன்னு பாருங்க. வேற டிபார்ட்மெண்ட்ல எடுக்கற கோர்ஸ், வேற யுனிவர்சிட்டில எடுக்கற கோர்ஸ், எக்ஸ்டர்ன்ஷிப் (நீதிபதி ஆபீஸ்லயோ அரசு ஆபீஸ்லயோ போய் வேலை செஞ்சு வாங்கற கிரெடிட்), லா ரிவ்யூ (மாணவர்கள் நடத்தற சட்ட இதழ்), மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதப் போட்டி), டிரையல் போட்டி. இதுல எதையும் 64-ல எண்ணக்கூடாதுன்னு அந்த ஸ்டாண்டர்டுக்கான விளக்கக் குறிப்புல தெளிவா இருக்கு. ஒரே பெட்டிக்குள்ள இத்தனை பேரு இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஆனா ஹேண்ட்புக்ல என்ன பண்ணுவாங்க, வேற டிபார்ட்மெண்ட் வரம்பை ஒரு பக்கத்துல போடுவாங்க, எக்ஸ்டர்ன்ஷிப் வரம்பை இருபது பக்கம் தள்ளி போடுவாங்க, லா ரிவ்யூக்கு தனி டாக்குமெண்ட்டே இருக்கும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா படிச்சா எல்லாத்துக்கும் இடம் இருக்கற மாதிரிதான் தெரியும்.

என் அக்கா பொண்ணு போட்ட பிளான் இதுதான்: மூணாம் வருஷம் ஒரு ஜட்ஜ்கிட்ட எக்ஸ்டர்ன்ஷிப் 10, லா ரிவ்யூ 4, மூட் கோர்ட் 2, ஆக 16. அவ ஸ்கூல்ல டிகிரிக்கு சரியா 83 போதும். 19-ல 16 போச்சு, மிச்சம் 3. அந்த 12ங்கற வரம்பு பொய் இல்ல, ஆனா அவளுக்கு அது பயன்படாது, ஏன்னா அதுக்கு முன்னாடியே பெட்டி நிறைஞ்சுடுது.

சில ஸ்கூல்ல டிகிரிக்கு 83-க்கு மேல கேப்பாங்க, 86, 88ன்னு இருக்கும், அங்க 64 அப்படியே இருந்தா பெட்டி கொஞ்சம் பெருசாகும், ஆனா சில ஸ்கூல் 64-ஐயும் ஏத்தி வச்சிருக்கும், அதனால உங்க ஸ்கூலோட ரெண்டு நம்பரையும் எடுத்துட்டு வந்து கழிச்சுப் பாருங்க. இன்னொரு விஷயம், பெட்டி நிறைஞ்சதுன்னா அதுக்கு மேல படிக்கக்கூடாதுன்னு அர்த்தம் இல்ல. தாராளமா படிக்கலாம். 64-ம் குறையாம மொத்தமும் குறையாம இருந்தா போதும், மேல எடுக்கறது டிகிரிக்கு எண்ணப்படாம டிரான்ஸ்கிரிப்ட்ல சும்மா நிக்கும், அவ்வளவுதான். ஆனா ஒரு செமஸ்டர்ல எவ்வளவு சுமக்கலாம்ங்கறதுக்கும் மேல்வரம்பு இருக்கு, டிகிரிக்கு வேண்டிய மொத்தத்துல 20 சதவீதம், 83-க்கு கணக்குப் போட்டா 16.6. ஆர்வக்கோளாறுல எல்லாத்தையும் ஒரே செமஸ்டர்ல அடைக்க முடியாது.

கிளினிக் வேற, எக்ஸ்டர்ன்ஷிப் வேற. இதை நிறைய பேரு குழப்பிக்கறாங்க. லா ஸ்கூலுக்குள்ளயே ஃபேகல்டி மேற்பார்வைல நடக்குற லா கிளினிக் (நிஜக் கட்சிக்காரங்களுக்கு வேலை செய்யறது), சிமுலேஷன் கோர்ஸ் (கற்பனை வழக்கை வச்சு பழகறது) ரெண்டும் 64-ல சேரும். வெளில ஆபீஸுக்குப் போற எக்ஸ்டர்ன்ஷிப் சேராது. ரெண்டுமே எக்ஸ்பீரியன்ஷியல், அதாவது செஞ்சு கத்துக்கற கோர்ஸ் கணக்குக்கு உதவும் (அதுக்கு ஏபிஏ குறைஞ்சது 6 கிரெடிட் கேக்குது), அதனால வெளி டிபார்ட்மெண்ட் கோர்ஸுக்கு இடம் வேணும்னு நினைக்கறவங்க அந்த 6-ஐ கிளினிக்ல முடிச்சுட்டா பெட்டில 6 காலியா இருக்கும். இதை யாரும் முதல் வருஷத்துல சொல்ல மாட்டாங்க. நான் கத்துக்கிட்டதே மூணாம் வருஷம்.

சரி, எந்த கோர்ஸ் தகுதியானது? ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், ஆனா பெரும்பாலான இடத்துல கேக்கறது ஒண்ணுதான். கோர்ஸ் கிராஜுவேட் லெவல்ல இருக்கணும், அண்டர்கிராஜுவேட் கோர்ஸ் தள்ளிடுவாங்க, சில ஸ்கூல்ல வெளிநாட்டு மொழி கோர்ஸுக்கு மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்குவாங்க. உங்க சட்டப் படிப்போட அதுக்கு என்ன சம்பந்தம்னு நீங்க எழுதிக் காட்டணும். லா ஸ்கூல்லயே அதே மாதிரி கோர்ஸ் இருக்கக்கூடாது, கார்ப்பரேட் ஃபைனான்ஸ் லா ஸ்கூல்லயே நடக்கும்போது பிசினஸ் ஸ்கூல்ல போய் எடுக்கறேன்னா ஏன்னு கேப்பாங்க. முதல் வருஷப் பசங்களுக்கு, அதாவது 1எல்லுக்கு, பொதுவா கதவே திறக்காது.

சேர்றதுக்கு முன்னாடி படிச்சது சேராது. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா அடிக்கடி வர்ற கேள்வி இது. "நான் ஏற்கனவே எம்பிஏ முடிச்சிருக்கேன், அதுல பிசினஸ் லா ஒரு பேப்பர் இருக்கு, அதை கழிச்சுக்குவாங்களா?" மாட்டாங்க. ஜேடில சேர்ந்த பிறகு எடுத்த கோர்ஸுக்குத்தான் ஜேடி கிரெடிட்ங்கறது ஏபிஏ விதி. வெளிநாட்டுல சட்டமே படிச்சவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, நம்ம ஊர் எல்எல்பி வச்சிருக்கறவங்களுக்கு ஸ்கூல் மனசு வச்சா ஜேடில மூணுல ஒரு பங்கு வரைக்கும் கழிச்சுக் கொடுக்கலாம், ஆனா அது சட்டப் படிப்புக்கு கிடைக்கற சலுகை, எம்பிஏக்கு கிடையாது.

(நம்ம ஊர்ல எல்எல்பி படிக்கிற தம்பி தங்கச்சிங்க இதைப் படிச்சுட்டு காலேஜ்ல போய் கேக்காதீங்க. அங்க பார் கவுன்சிலோட 2008 சட்டக் கல்வி விதிகள்தான் பேசும், லா டிகிரி படிக்கும்போதே இன்னொரு ரெகுலர் டிகிரில பேரு பதியறதையே அது தடுக்குது, மொழி, கம்ப்யூட்டர் மாதிரி சின்ன பார்ட்-டைம் சர்ட்டிஃபிகேட்டும் தொலைதூரக் கல்வியும்தான் விலக்கு. ரெண்டு ஊர் கதையும் வேற.)

இப்போ கிரெடிட்டை மாத்தற கணக்கு. பிசினஸ் ஸ்கூல்ல 2 கிரெடிட்னு போட்டிருந்தா லா ஸ்கூல்லயும் 2 தான்னு நினைக்காதீங்க. லா ஸ்கூலுக்கு ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு 50 நிமிஷம் வகுப்பு, அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் வீட்ல படிக்கற வேலை, பரீட்சை வாரத்தையும் சேர்த்து 15 வாரம். பரீட்சை வாரம் போக 14 வாரம் வகுப்புன்னு வச்சுக்கோங்க, 14-ஐ 50-ஆல பெருக்கினா 700 நிமிஷம். இப்போ பிசினஸ் ஸ்கூல்ல அரை செமஸ்டர் மாட்யூல் ஒண்ணு இருக்கு, 7 வாரம், வாரத்துக்கு ரெண்டு வகுப்பு, ஒவ்வொண்ணும் 80 நிமிஷம்னா மொத்தம் 1,120 நிமிஷம். 2 கிரெடிட்டுக்கு 1,400 நிமிஷம் வேணும். இடிக்குதா? ரெஜிஸ்ட்ரார் அதை ஒண்ணரையாவோ ஒண்ணாவோ குறைச்சுத்தான் ஏத்துவாங்க. அதனால சிலபஸ் வாங்கினதும் நீங்களே நிமிஷக் கணக்கு போட்டுப் பார்த்துடுங்க, ஃபாரம்ல அதை எழுதியும் கொடுத்துடுங்க, அவங்களுக்கும் வேலை மிச்சம்.

குவார்ட்டர் சிஸ்டம்னா இன்னும் ஒரு சுத்து. யுசிஎல்ஏ மாதிரி சில இடத்துல லா ஸ்கூல் செமஸ்டர்ல ஓடும், மீதி யுனிவர்சிட்டி குவார்ட்டர்ல ஓடும். ஒரு குவார்ட்டர் யூனிட்டுங்கறது செமஸ்டர் கிரெடிட்ல மூணுல ரெண்டு பங்கு. 4 யூனிட் கோர்ஸ் எடுத்தா லா கணக்குல 2.67 தான் விழும், சில ஸ்கூல்ல அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்றதை வெட்டிட்டு 2ன்னு போடவும் கூடும். வெட்டாம விட்டா 83-க்கு 82.67, வெட்டினா 82ன்னு வந்து டிகிரி நிக்கறதும் நடக்கும், அதனால கடைசி செமஸ்டர்ல ஒரு கிரெடிட்டாவது கூடவே வச்சுக்கோங்க. காலண்டரும் உதைக்கும். லா வகுப்பு ஆகஸ்ட்ல தொடங்கிடும், குவார்ட்டர் வகுப்பு செப்டம்பர் கடைசிலதான் தொடங்கும், அப்போ லா பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிற டிசம்பர் முதல் வாரத்துல அந்தப் பக்கம் வகுப்பும் ப்ராஜெக்டும் உச்சத்துல இருக்கும். லா பரீட்சை ஒரே பரீட்சைல மொத்த மார்க்கும் முடிவாகற மாதிரி இருக்கறது வழக்கம், மத்த டிபார்ட்மெண்ட்ல வாராவாரம் வீட்டுப்பாடம், க்விஸ், குழு ப்ராஜெக்ட்னு பிச்சு எடுப்பாங்க. லா பசங்களுக்கு வாராவாரம் சப்மிட் பண்ற பழக்கம் விட்டுப்போயிருக்கும். குழு ப்ராஜெக்ட்ல அஞ்சு பேரு வாட்ஸ்அப்ல மீட்டிங் நேரம் பேசியே ஒரு வாரம் ஓடிடும், அது தனிக் கதை.

அனுமதி வாங்கற வரிசைதான் இதுல உயிர். நான் எப்படி கோட்டை விட்டேன்னு சொல்றேன். ரெண்டாம் வருஷம் பப்ளிக் பாலிசி ஸ்கூல்ல புள்ளியியல் கோர்ஸ், 3 கிரெடிட். ப்ரொஃபசருக்கு மெயில் போட்டேன், வாங்கன்னாரு, அந்த ஸ்கூல் சிஸ்டம்ல பேரு பதிஞ்சேன், வகுப்புக்குப் போனேன், ரொம்பப் பிடிச்சிருந்தது. லா ஸ்கூல் ஃபாரம் ஒண்ணு இருக்குங்கறது தெரியும், ஆனா பதிஞ்சதுக்கு அப்புறம் கொடுக்கற ஃபாரம்னு நானே நினைச்சுக்கிட்டேன். அஞ்சாவது வாரம் கொண்டு போய் நீட்டினேன். கவுண்டர்ல இருந்த அம்மா ஃபாரத்தை முழுசா படிக்கக்கூட இல்ல, தேதியைப் பார்த்தாங்க, மானிட்டரை என் பக்கம் திருப்பினாங்க, பென்சில் நுனியால ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாங்க. ஆட்-டிராப் (கோர்ஸ் சேர்க்கவோ விடவோ) கடைசி நாள்னு போட்டு ஒரு தேதி, அது முடிஞ்சு மூணு வாரம் ஆகியிருந்தது. "கோர்ஸை முடிக்கலாம், டிரான்ஸ்கிரிப்ட்ல வரும், ஜேடில எண்ண மாட்டோம்"னாங்க. டீன்கிட்ட அப்பீல் போட்டேன், முன் அனுமதின்னா முன் அனுமதிதான்னு பதில் வந்தது. மூணாம் வருஷம் கடைசி செமஸ்டர்ல எல்லாரும் பார் பரீட்சைக்கு (வக்கீல் லைசன்ஸ் பரீட்சை) மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது நான் 3 கிரெடிட்டுக்காக விருப்பமே இல்லாத ஒரு பாடத்துல காலைல எட்டரை மணிக்கு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாடம் பேரை இப்போ கூட சொல்ல மாட்டேன், அதைச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனுஷன்.

அதனால வரிசை இப்படி வச்சுக்கோங்க. முந்தின செமஸ்டர் பாதியிலயே, கோர்ஸ் லிஸ்ட் வந்ததும், அந்த ப்ரொஃபசருக்கு மெயில் போட்டு சிலபஸ் கேளுங்க, இந்த வருஷ சிலபஸ் ரெடி இல்லைன்னா போன வருஷத்துது போதும். லா மாணவர்னு சொல்லி, அடிப்படைப் பாடம் ஏதாவது தேவையான்னு கேட்டு, சரின்னு அவர் பதில் போட்டதை சேமிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் லா ஸ்கூல் ஃபாரம், அதோட சிலபஸ், ப்ரொஃபசர் மெயில், உங்க விளக்கம், நாலும் சேர்ந்து போகணும், ரெஜிஸ்ட்ராருக்கோ அகாடமிக் அஃபேர்ஸ் அசோசியேட் டீனுக்கோ. அவங்க சரின்னு எழுத்துல சொன்ன பிறகு பதியுங்க. வாய்ல சொன்ன சரி எதுக்கும் உதவாது, சொன்னவரு அடுத்த வருஷம் வேற யுனிவர்சிட்டில இருப்பாரு. பதிஞ்ச பிறகு ரெண்டு சிஸ்டத்துலயும் உங்க பேரு இருக்கான்னு பாருங்க, சில யுனிவர்சிட்டில நீங்க அந்தப் பக்கம் பதிஞ்சது லா பக்கம் தெரியவே தெரியாது, யாராவது கையால ஏத்தணும்.

ஃபீஸ் பத்தி ஒரு வரி. ஒரே யுனிவர்சிட்டிக்குள்ளன்னா பெரும்பாலும் லா ட்யூஷன்லயே அடங்கும், ஆனா சில பிசினஸ் ஸ்கூல் தனியா ஃபீஸ் போடும், கேட்டுட்டுப் பதியுங்க.

விளக்கம் எழுதறதுல பசங்க சொதப்பறது எங்கன்னா, "இந்தப் பாடம் எனக்கு ரொம்ப ஆர்வம், என் அறிவை விரிவாக்கும்"னு எழுதுவாங்க. அதைப் படிக்கிற டீனுக்கு அன்னிக்கு அந்த மாதிரி முப்பது ஃபாரம் வந்திருக்கும். நான் அந்த புள்ளியியல் கோர்ஸுக்கு எழுதினது தேதியில செத்துப்போச்சு, ஆனா எழுத்துல குறை இல்லைன்னு அந்த டீனே அப்பீல் பதில்ல சொன்னாரு, அதோட சாரம் இதுதான் (இங்கிலீஷ்லதான் எழுதினேன்): "நான் பணியிடப் பாகுபாடு வழக்குகள்ல வேலை செய்யப் போறேன். 1977-ல ஹேசல்வுட் பள்ளி வழக்குலயே உச்ச நீதிமன்றம் ஆசிரியர் நியமன எண்ணிக்கையை வச்சு புள்ளியியல் கணக்கு பேசியிருக்கு. இப்போ இந்த மாதிரி வழக்குல ரெண்டு பக்கமும் ரிக்ரெஷன் (எந்தக் காரணி எவ்வளவு பாதிக்குதுன்னு பார்க்கற புள்ளியியல் முறை) போட்ட நிபுணர் அறிக்கை தர்றாங்க, 1993 டோபர்ட் தீர்ப்புக்கு அப்புறம் ஃபெடரல் கோர்ட்ல அந்த அறிக்கையோட முறை நம்பத்தகுந்ததான்னு நீதிபதி பார்த்துத்தான் உள்ள விடறாரு. எதிர்த்தரப்பு நிபுணரை குறுக்கு விசாரணை பண்ற வக்கீலுக்கு எந்த மாறியை (வேரியபிளை) விட்டுட்டாங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியணும். இந்த கோர்ஸ்ல 4-ல இருந்து 11 வரைக்கும் வாரங்கள் ரிக்ரெஷன். லா ஸ்கூல்ல இருக்கற எவிடன்ஸ் பாடத்துல இதுக்கு ஒரு வகுப்புதான் ஒதுக்கியிருக்கு." அவ்வளவுதான், ஒரு பத்தி. எந்த வேலைக்குப் போறேன், அந்த வேலைல இது எங்க இடிக்குது, சிலபஸ்ல எந்த வாரம், நம்ம ஸ்கூல்ல ஏன் கிடைக்கல, இதைச் சொல்லிட்டா மறுக்கறது கஷ்டம்.

மார்க் விஷயம் கொஞ்சம் நல்ல செய்தி. லா ஸ்கூல்ல கர்வ் வச்சு, அதாவது வகுப்புல மத்தவங்களோட ஒப்பிட்டு, மார்க் போடறதால வெளி டிபார்ட்மெண்ட் கிரேடை ஜிபிஏல கலக்க மாட்டாங்க, பெரும்பாலும் வெறும் கிரெடிட்னு மட்டும் டிரான்ஸ்கிரிப்ட்ல விழும். அதனால வெளில ஏ வாங்கி ரேங்க் ஏத்தலாம்னு கணக்கு போட்டவங்க அந்த ஆசையை விட்டுடுங்க. ஆனா குறைஞ்சபட்ச கிரேடுன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, நிறைய இடத்துல அது பி. பி மைனஸ் வந்துச்சுன்னா ஜிபிஏல அடி விழாது, கிரெடிட்டே விழாம போயிடும். அந்தப் பக்கத்துல பாஸ்-ஃபெயில்னு மாத்தி எடுக்கறதுக்கும் முன்னாடி கேளுங்க, லெட்டர் கிரேடுதான் வேணும்னு சொல்ற லா ஸ்கூல் உண்டு.

மூணு நாலு கோர்ஸுக்கு மேல ஆசை இருந்தா ஜாயிண்ட் டிகிரி பக்கம் யோசிங்க. ஜேடி 3 வருஷம், எம்பிஏ 2 வருஷம், தனித்தனியா 5, சேர்த்து எடுத்தா வழக்கமா 4. அந்த ஒரு வருஷம் எங்கேருந்து மிச்சமாகுதுன்னா சில கிரெடிட்டை ரெண்டு பக்கமும் எண்ணிக்கறாங்க, அங்கதான். நார்த்வெஸ்டர்ன், யேல், பென்சில்வேனியா இங்கெல்லாம் 3 வருஷத்துலயே ஜேடி-எம்பிஏ முடிக்கற வழி இருக்கு, மூச்சு விட நேரம் இருக்காது. ஜாயிண்ட் டிகிரிலயும் அந்த 64 மாறாதுங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க. நடுவுல எம்பிஏவை விட்டுட்டா என்ன ஆகும்னும் கேட்டு வச்சுக்கோங்க, ஜாயிண்ட் மாணவர்ங்கறதால கிடைச்ச கிரெடிட் சலுகையை திரும்ப எடுத்துக்கற ஸ்கூல் இருக்கு, அப்போ மூணாம் வருஷ நடுவுல திடீர்னு குழி விழும்.

விசால வந்தவங்களுக்கு ஒண்ணு. எஃப்-1 மாணவர் விசால இருக்கற பசங்க ஒவ்வொரு செமஸ்டரும் ஃபுல்-டைம் காட்டணும், அந்தக் கணக்குல ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு, இல்லைன்னா 3 கிரெடிட், அதுக்கு மேல சேராது. வெளி டிபார்ட்மெண்ட்ல நிறைய கோர்ஸ் இப்போ முழு ஆன்லைன். ஜேடி கணக்குல ஏறாத கோர்ஸை வச்சு ஃபுல்-டைம் காட்டினா அது எண்ணப்படுமாங்கறதை டிஎஸ்ஓகிட்ட (யுனிவர்சிட்டில மாணவர் விசா விஷயத்தைப் பார்க்கற அதிகாரி) பதியறதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டுடுங்க.

நம்ம ஊர்ல எல்எல்பி முடிச்சுட்டு எல்எல்எம்முக்கு வந்து நியூயார்க் பார் எழுதணும்னு இருக்கறவங்களுக்கு கணக்கு இன்னும் இறுக்கம். நியூயார்க் கோர்ட் விதி 520.6 படி எல்எல்எம்ல குறைஞ்சது 24 கிரெடிட், அதுல தொழில் ஒழுக்கம் 2, சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும் 2, அமெரிக்க சட்ட அறிமுகம் 2, பார் பரீட்சைல வர்ற பாடங்கள் 6, ஆக 12 கட்டாயம். சட்டப் பயிற்சியோட தொடர்புள்ள மத்த கோர்ஸ், அதாவது யுனிவர்சிட்டியோட வேற ஃபேகல்டி நடத்தறது, 6 வரைக்கும்தான். ஒரே வருஷ டிகிரி, திருத்திக்க ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. எல்எல்எம் வர்றவங்க பிசினஸ் ஸ்கூல் வாசலுக்குப் போகறதுக்கு முன்னாடி இந்த விதியை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிக்கோங்க, என் நேர்மையான கருத்து என்னன்னா 3-க்கு மேல போகவே போகாதீங்க.

பேட்டண்ட் வக்கீல் ஆகணும்னு நினைக்கறவங்க இன்னொரு இடத்துல குழம்புவாங்க. பேட்டண்ட் ஆபீஸ் நடத்தற பரீட்சை எழுத சயின்ஸ் இல்லைன்னா இஞ்சினியரிங் பின்னணி வேணும். நம்ம பிஇ, பிடெக் ஆளுங்களுக்கு பெரும்பாலும் கவலை இல்ல. பிகாம், பிஏ முடிச்சு வந்தவங்க குறிப்பிட்ட அளவு சயின்ஸ் கிரெடிட் காட்டணும், உதாரணத்துக்கு வேதியியல் வழில 30 செமஸ்டர் மணி. அதுக்காக போய் எடுக்கறது அண்டர்கிராஜுவேட் கெமிஸ்ட்ரியா இருக்கும், அது பேட்டண்ட் ஆபீஸுக்கு செல்லும், ஜேடிக்கு செல்லாது. ரெண்டு லிஸ்ட்டும் வேற வேற நோட்டுல எழுதிக்கோங்க.

கடைசியா கிராஸ்-லிஸ்ட். ரெண்டு ஸ்கூலும் சேர்ந்து நடத்தற கோர்ஸ் சிலதுக்கு ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு லா நம்பர், ஒண்ணு அந்த டிபார்ட்மெண்ட் நம்பர். வகுப்பு ஒண்ணு, ப்ரொஃபசர் ஒண்ணு, உட்கார்ற நாற்காலி கூட ஒண்ணு. லா நம்பர்ல பதிஞ்சா பொதுவா லா கோர்ஸாவே எண்ணி 64-ல போடுவாங்க, அந்தப் பக்க நம்பர்ல பதிஞ்சா வெளிப்பெட்டிக்குப் போயிடும். அந்தப் பக்க வெப்சைட்ல கோர்ஸைக் கண்டுபிடிச்சவங்க அந்தப் பக்க நம்பர்லயே கிளிக் பண்ணிடுவாங்க, அப்புறம் கண்ணைக் கசக்குவாங்க. எப்பவும் லா ஸ்கூல் லிஸ்ட்ல அதே பேரு இருக்கான்னு தேடிப் பார்த்துட்டு, லா ரெஜிஸ்ட்ராரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பதியுங்க.

அன்னிக்கு போன்லயே அக்கா பொண்ணை அதைத் தேடச் சொன்னேன். மூணுல ஒண்ணு, ஹெல்த் பாலிசியும் சட்டமும், லா நம்பரோட இருந்தது. அது 64-க்குப் போச்சு. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பெட்டில மிச்சம் இருந்த 3-ல உட்கார்ந்தது. எபிடெமியாலஜிக்கு இடம் இல்ல. எக்ஸ்டர்ன்ஷிப்பை விடவும் மனசு இல்ல அவளுக்கு, அந்த ப்ரொஃபசர்கிட்ட கேட்டு சும்மா பின்னாடி உட்கார்ந்து கேக்க அனுமதி வாங்கிட்டா. "வீட்டுப்பாடம் கிடையாதுல்ல சித்தி?"ன்னா. கிடையாதுன்னேன், முன் வரிசைல மட்டும் உட்கார்ந்துடாதேன்னும் சொல்லி வச்சேன்.